கேம்பெல் தீவில் கால் வைக்கும் முன்

நியூசிலாந்தின் தென்கோடியிலிருந்து சுமார் 700 கி.மீ. தெற்கே இருக்கிறது கேம்பெல் தீவு. விமானம் இறங்க வழியில்லை. 1995-இல் வானிலை நிலைய ஊழியர்களும் கிளம்பிவிட்டதால் இப்போது யாரும் குடியிருப்பதில்லை. கோடையில், அதாவது டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, பிளஃப் துறைமுகம் பக்கமிருந்து புறப்படும் சிறிய பயணக் கப்பல்கள்தான் வழி. கரையிறங்க இயற்கைப் பாதுகாப்புத் துறையின் அனுமதி வேண்டும். அதைக் கப்பல்காரர்களே வாங்கிவிடுவார்கள்.

அந்தக் கப்பல்களில் வழிகாட்டியாகப் போகிறவள் நான். உங்களிடம் நான் கேட்பது, பையை வீட்டிலேயே சுத்தம் செய்யுங்கள் என்பதுதான். மழைக்கோட்டின் மணிக்கட்டுப் பக்கம் வெல்க்ரோ பட்டை இருக்குமல்லவா, அதைப் பிரித்து வெளிச்சத்தில் பாருங்கள். கொக்கிகளுக்குள் பொடிப்பொடியாகப் புல்விதை மாட்டியிருக்கும். உதறினால் போகாது, ஊசியால்தான் நெம்பி எடுக்க வேண்டும். பாக்கெட்டுகளை வெளியே இழுத்து வாக்குவம் கிளீனரால் உறிஞ்சுங்கள். ஷூவின் அடியில் காய்ந்திருக்கும் மண்ணைப் பழைய டூத் பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். கேமரா பையின் மூலைகளையும் விட்டுவிடாதீர்கள். கப்பலில் மறுபடி சோதிப்பார்கள்.

இவ்வளவு கெடுபிடி ஏன்? வெளியிலிருந்து விதையோ விலங்கோ எது ஒட்டிக்கொண்டு வந்தாலும் தீவுக்கு ஆபத்து. அதைக் காட்டியது எலி. 19-ஆம் நூற்றாண்டில் வேட்டைக் கப்பல்களோடு வந்து, சிறு பறவைகளையெல்லாம் தின்று தீர்த்துவிட்டது. 2001-இல் ஹெலிகாப்டரிலிருந்து விஷ இரை தூவி ஒன்றுவிடாமல் ஒழித்தார்கள். பறக்கத் தெரியாத கேம்பெல் தீவு வாத்து, பக்கத்துக் குட்டித் தீவு ஒன்றில் மட்டும் பிழைத்துக் கிடந்தது. 2004 முதல் அதை இங்கே திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். சினை எலி ஒன்று சாமானோடு இறங்கினால் அத்தனையும் போச்சு.

சாப்பாட்டைக் கப்பலிலேயே முடித்துக்கொள்ளுங்கள். காற்று பலமானால் இறக்கம் ரத்தாகும், வற்புறுத்தாதீர்கள்.

இறங்கியதும் கோல் லயால் என்ற மலைக்கணவாய்க்கு ஏறும் பலகைப் பாதையிலேயே நடங்கள். மேலே ராயல் ஆல்பட்ராஸ் பறவைகள் கூடு கட்டியிருக்கும். இறக்கையை விரித்தால் 3 மீட்டர். 5 மீட்டராவது தள்ளியே நில்லுங்கள். அதுவே உங்களை நோக்கி நடந்து வந்தால் அசையாமல் இருங்கள், தானே தாண்டிப் போய்விடும். மாலைப் பொழுதில் இளம் பறவைகள் கூடி, அலகை வானத்துக்கு உயர்த்தி ஜோடி தேடும். அதைப் பார்க்கவே உட்கார்ந்திருக்கலாம். படமெடுக்கக் கையுறையைக் கழற்றினால் உடனே பாக்கெட்டில் போட்டு ஜிப்பை மூடுங்கள். காற்று அடித்துக்கொண்டு போனால், பாதையை விட்டு இறங்கி எடுக்க உங்களை விடமாட்டேன்.