பழைய விலங்குப் படங்களில் நான் வழுக்கி விழுந்த இடங்கள்

பதினாறாம் நூற்றாண்டு முதல் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கம் வரையிலான ஐரோப்பிய விலங்குப் படங்களுக்கு விவரக் குறிப்பு எழுதப் புதிதாக வருகிறவர்களின் வரைவைத் திருத்துவது இப்போது என் வேலை. ஒரு காலத்தில் நான் செய்த அதே கோளாறுகளைச் சிவப்பு மையில் சுழித்துக்கொண்டிருக்கிறேன். எழுத்துப்பிழை மாதிரிச் சில்லறைகளை விட்டுவிடுகிறேன்.

இடவலம் மாறியதைக் கவனிக்காமல் விடுவது

நினைத்தால் இன்றும் எரிச்சல் வரும். மரக்கட்டையோ செப்புத் தகடோ, பொறித்தது தாளில் விழும்போது இடவலம் மாறிவிடும். காண்டாமிருகம் எந்தப் பக்கம் பார்த்தால் யாருக்கு நஷ்டம்? சங்கு, நத்தை என்றால் கதை வேறு. டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1650-இல் பொறித்த கூம்புச் சங்கைப் பாருங்கள். தன் கையெழுத்து நேராக விழவேண்டும் என்று அதைத் தகட்டில் திருப்பிப் போட்டவர், சங்கை மட்டும் கண்ணால் கண்டபடியே பொறித்துவிட்டார். அச்சில் சுருள் எதிர்ப்பக்கம் சுற்றுகிறது.

இப்படி ஒரு படத்துக்குத்தான் கண்காட்சிப் பலகையில் "அரிய வலம்புரி" என்று எழுதிக்கொடுத்தேன். பலகைகள் சுவரில் ஏறிய பிறகு பார்க்க வந்த சங்கு வியாபாரி ஒருவர், "தம்பி, இந்தச் சாதியில வலம்புரி நான் பார்த்ததே இல்லியே" என்றார். அத்தனையையும் என் கைக்காசில் மறுபடி அச்சடித்தேன்.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. நுனி மேலே, வாய் நம்மைப் பார்த்து இருக்கும்படி பிடித்தால், சாதாரணச் சங்கின் வாய் வலப்பக்கம் இருக்கும். நாம் வலம்புரி என்பதில் இடப்பக்கம். விலங்கியலார் அதை இடச்சுருள் என்பார்கள். அவர்கள் குறிப்பை அப்படியே தமிழாக்கினால் கவிழ்ந்தீர்கள்.

எல்லா அச்சும் திரும்பியிருக்கும் என்றும் எழுதிவிடாதீர்கள். பூச்சிகளை ஆராய்ந்து வரைந்த மரியா சிபில்லா மெரியனின் 1705 சுரிநாம் பூச்சிப் புத்தகத்தில், மை காயாத அச்சின்மேல் வேறு தாளை அழுத்தி எடுத்த பிரதிகளும் உண்டு. அவற்றில் படம் மறுபடி திரும்பித் தகட்டின் திசைக்கே வந்துவிடும். நிஜச் சங்கொன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுவிட்டுப் பேனாவை எடுங்கள்.

அச்சிலுள்ள ஆண்டை நம்புவது

ஜெர்மன் ஓவியர் டியூரரின் காண்டாமிருக அச்சிலுள்ள வாசகம், விலங்கு வந்த ஆண்டை 1513 என்கிறது. விலங்கு லிஸ்பனில் இறங்கியதே 1515 மே 20-இல்.

"நேரில் பார்த்து வரைந்தது"

டியூரர் அந்த விலங்கைப் பார்க்கவே இல்லை. கடிதமும் யாரோ வரைந்த கோட்டுப்படமும்தான் ஆதாரம். முதுகில் அவர் வைத்த குட்டிக் கொம்பைப் பின்னால் வந்தவர்கள் பயபக்தியோடு காப்பியடித்தார்கள்.

நிறம்

பெரும்பாலும் கையால் பூசியது. எந்தக் காலத்துக் கை என்று கேளுங்கள்.