பழைய கம்ப்யூட்டருக்கு ராம் கூட்டுவது எப்படி: முதலில் மேனுவல், அப்புறம் எஸ்.பி. ரோடு

பெங்களூரில் ராம் வேண்டும் என்றதும் எல்லோரும் கம்ப்யூட்டர் உதிரிபாகக் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டுக்குத்தான் கிளம்புவோம். 486, பென்டியம் பிராசஸர் காலப் பழைய மெஷின் என்றால் கொஞ்சம் பொறுங்கள். உள்ளே இருக்கும் மதர்போர்டு எது என்று தெரியாமல் போனால், கடைக்காரர் கொடுப்பதை வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான்.

முதல் வேலை, போர்டை அடையாளம் காண்பது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு கேபினெட்டைத் திறந்து, பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியைத் தொட்டுக்கொள்ளுங்கள்; உடம்பிலுள்ள ஸ்டேட்டிக் இறங்கிவிடும். 386, 486 போர்டுகளில் உருளை வடிவ பேட்டரி கசிந்து பச்சை பூத்திருந்தால், அதைக் கழற்றிச் சுத்தம் செய்யும்வரை ராம் பேச்சே வேண்டாம். டார்ச் அடித்துப் பார்த்தால் ஸ்லாட்டுகளுக்கு நடுவே மாடல் எண் அச்சாகியிருக்கும். வெர்ஷன் எண்ணையும் விடாமல் குறித்துக்கொள்ளுங்கள்.

எண் எதுவும் இல்லையா? மானிட்டரை மாட்டி ஆன் செய்து, திரையில் ராம் அளவை எண்ணும்போது பாஸ் (Pause) கீயை அழுத்துங்கள். திரையின் அடியில் நீளமாக ஒரு வரி நிற்கும். போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பயாஸ் (கம்ப்யூட்டரை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) அவார்டு நிறுவனத்துடையதாக இருந்தால், அந்த வரியின் கடைசிப் பகுதியில் முதல் ஐந்து எழுத்துகள் சிப்செட்டையும் (போர்டை இயக்கும் முக்கிய சிப்புகள்) அடுத்த இரண்டு தயாரிப்பாளரையும் சொல்லிவிடும்.

இனி மேனுவல். 'தி ரெட்ரோ வெப்' தளத்தில் மாடல் எண்ணைப் போட்டுத் தேடுங்கள்; போர்டின் படம், ஜம்பர் (அமைப்பை மாற்றும் சிறு இணைப்பு) விவரம், பல சமயம் மேனுவலே கிடைக்கும். அங்கே இல்லாவிட்டால், பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைத்திருக்கும் வேபேக் மெஷினில் தயாரிப்பாளரின் பழைய இணைய முகவரியைக் கொடுத்து 1990களின் கடைசிக்குப் போய்ப் பாருங்கள். நமக்கு வேண்டியது ஒரே ஒரு அட்டவணை: எந்த பேங்கில் (சேர்த்து நிரப்ப வேண்டிய ஸ்லாட் தொகுதி) எவ்வளவு ராம் போடலாம் என்பது.

அந்த அட்டவணையின் கணக்கு எளிது. 30 பின் சிம் (SIMM, பழைய வகை ராம் குச்சி) ஒன்று ஒரே நேரத்தில் தருவது 8 பிட், 486 கேட்பது 32 பிட். அதனால் நாலு நாலாகப் போட வேண்டும். 72 பின் சிம் 32 பிட், பென்டியத்துக்கு 64 பிட் என்பதால் ஜோடி ஜோடியாக. 168 பின் டிம் (DIMM, சிம்முக்கு அடுத்து வந்த வகை) 64 பிட் என்பதால் ஒன்றே போதும். பல 486 போர்டுகள் ஈடிஓ (EDO) வகை ராமை ஏற்காது, அதைவிடப் பழைய எஃப்பிஎம் (FPM) வகையைக் கேட்டு வாங்குங்கள். இன்டெல் 430டிஎக்ஸ் சிப்செட் போர்டு 256 எம்பி வரை எடுத்துக்கொண்டாலும் 64 எம்பிக்கு மேல் கேஷ் செய்யாது (வேகம் தரும் இடை மெமரியில் வைத்துக்கொள்ளாது); விண்டோஸ் 95க்கு 64 எம்பியோடு நிறுத்துவதுதான் நல்லது. 440பிஎக்ஸ் போர்டுக்கு 256 எம்பி டிம் வாங்கும்போது சிப்புகளை எண்ணுங்கள். பதினாறு இருக்க வேண்டும். எட்டே இருந்தால் பெரும்பாலும் 128 எம்பிதான் காட்டும்.

மாட்டும்போது மறுபடி பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சிம்மின் ஒரு மூலையில் வெட்டு இருக்கும். அதை ஸ்லாட்டோடு பொருத்தி, சாய்வாக அடிவரை இறக்கி நிமிர்த்தினால் இரண்டு கொக்கியும் 'க்ளிக்' என்று பிடிக்கும். பிளாஸ்டிக் கொக்கிகள் வயதாகி நொறுங்கும் நிலையில் இருக்கும், நகத்தால் நெம்பாதீர்கள்.

ஆன் செய்ததும் மெமரி அளவு மாறிவிட்டது என்று பிழை காட்டலாம். பயப்பட வேண்டாம், பயாஸ் செட்டப்புக்குள் போய் சேவ் செய்தால் சரி. அப்புறம் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ மென்பொருளின் பழைய வெர்ஷனை ஃப்ளாப்பியிலிருந்து ஒரு முழுச் சுற்று ஓடவிடுங்கள். பிழை வந்தால் பின்களை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, ஸ்லாட் மாற்றிப் போட்டு மறுபடி ஓட்டுங்கள். பிழையும் அந்த ராம் குச்சியோடு கூடவே நகர்ந்தால், ராம்தான் கெட்டிருக்கிறது. கடையில் மாற்றிக் கேளுங்கள்.