யூஎம்எல் மாடலை மெர்ஜ் செய்த பிறகு இரண்டு ‘மதகு’ நின்றால்

தாமிரபரணிப் பாசனத்துக்கு ஒரு சின்ன மென்பொருள். நான் பாளையங்கோட்டையில், கூட்டாளி அம்பாசமுத்திரத்தில். கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை 8 அணைக்கட்டுகள், அவற்றின் கால்வாய், குளம் எல்லாவற்றையும் யூஎம்எல் மாடலாக (மென்பொருளின் அமைப்பைக் காட்டும் வரைபடம்), எக்லிப்ஸ் பாப்பிரஸ் என்ற வரையும் கருவியில் கிளாஸ்களாக வரைந்து கிட்டில் வைத்திருக்கிறோம். ஆளுக்கொரு பிராஞ்சில் மாற்றியதை ஒன்றாக்கும் வழி இது. கிட் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதல் வேலை: மாடல் பிரதிகளை ஒப்பிட்டுச் சேர்க்கும் இஎம்எஃப் கம்பேரை அதன் ஈகிட் (எக்லிப்ஸுக்குள் கிட்டை இயக்குவது), பாப்பிரஸ் இணைப்புகளோடு நிறுவுங்கள். ஈகிட் அமைப்பில் மெர்ஜ் முறையை ‘ரிகர்சிவ் மாடல்’ என்று மாற்றுங்கள். இனி மெர்ஜ் எக்லிப்ஸுக்குள்தான், டெர்மினல் வேண்டாம். டெர்மினல் கிட்டுக்கு மாடல் வெறும் எக்ஸ்எம்ஐ வரிகள், அதாவது மாடலைச் சேமிக்கும் கோப்பின் எழுத்து வரிகள். வரிகள் மோதாமல் சேர்ந்துவிடும், ஆனால் ஒருவர் அழித்த கிளாஸை மற்றவர் போட்ட அம்பு (கிளாஸ்களை இணைக்கும் கோடு) இன்னும் சுட்டிக்கொண்டிருக்கும்.

அடுத்து மெர்ஜ் கொடுங்கள். உங்கள் பிரதி, அவர் பிரதி, இரண்டும் பிரிந்த பழைய பிரதி மூன்றையும் அது ஒப்பிடும். பழையது எதற்கு? வரப்புத் தகராறில் பழைய புலப்படம் இல்லாமல் கல்லை நகர்த்தியது யார் என்று எப்படிச் சொல்ல?

மோதல்கள் சிவப்பில் வரும். எங்களுக்கு வந்தது ‘நீர்மட்டம்’ என்ற அட்ரிபியூட்டின் (கிளாஸுக்குள் இருக்கும் ஒரு தகவல்) வகையில்: அவர் முழு எண் என்றார், நான் தசமம் என்றேன். பாபநாசம் அணையின் உச்சம் 143 அடி, முழு எண்தான். அன்றாட மட்டம் தசமத்தில் வருகிறதே. தசமம் நின்றது. இதையெல்லாம் கருவி முடிவு செய்யாது, போன் போட்டுப் பேசுங்கள்.

இப்போது தலைவலிக்கு வருவோம். மோதலே இல்லை என்று காட்டும், படத்தில் இரண்டு ‘மதகு’ நிற்கும். இருவரும் தனித்தனியே அதே கிளாஸைச் சேர்த்திருப்போம். பெயர் ஒன்றுதான், உள் அடையாள எண் வேறு. கருவி பார்ப்பது எண்ணை. உடனே ஒன்றை அழித்துவிடாதீர்கள். அழிக்கப்போகும் மதகைச் சுட்டும் அம்புகள், அட்ரிபியூட் வகைகள் எல்லாவற்றையும் முதலில் மற்றதற்குத் திருப்புங்கள், அப்புறம் அழியுங்கள். வரிசை மாறினால் வகை காலியாகிவிடும், “என்னவே, என் கால்வாய் எங்கே?” என்று போன் வரும்.

கிளாஸை வேறு பேக்கேஜுக்கு (கிளாஸ்களைத் தொகுத்து வைக்கும் உறை) மாற்றும்போதும் இதே எண்தான் சிக்கல். காப்பி பண்ணி ஒட்டினால் புது எண், இழுத்துப் போட்டால் பழைய எண். இழுத்தே போடுங்கள்.

படத்தில் கிளாஸின் பெட்டி இடம் மாறியதால் வரும் மோதலுக்கு மெனக்கெட வேண்டாம். ஒரு பக்கத்தை அப்படியே எடுங்கள். நாலைந்து கிளாஸ்தான் என்றால் எனக்கு இந்தக் கூத்தே பிடிக்காது. எழுதியதைப் படமாக்கித் தரும் பிளான்ட்யூஎம்எல்லில் எழுத்தாகவே வைத்துக்கொள்வேன்.

பின்சேர்க்கை: எண்ணை விட்டுப் பெயரைப் பார்த்துப் பொருத்தச் சொல்லலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். எண்ணை ஒதுக்கும் வசதி உண்டு. அப்போது பெயர், உள்ளடக்கம் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்த்துப் பொருத்தும். இரட்டை மதகைக் கண்டுபிடிக்க உதவும், ஆனால் பெயர் மாற்றிய கிளாஸை அழித்ததாக எண்ணிவிடலாம். பார்த்துவிட்டு அமைப்பைப் பழையபடி வைத்துவிடுங்கள்.