கைக்கடிகார எண்ணும் கெண்டைக்கால் அளவும்: மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சையில் இரத்த உறைவைக் கவனிக்கும் முறை

கைக்கடிகாரம் காட்டும் இதயத் துடிப்பு மாறுபாடு, அதாவது எச்.ஆர்.வி., குறைந்தால் காலில் இரத்தம் உறையப்போகிறது என்று பொருளா? மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்கள் பலரும் இதைக் கேட்கிறார்கள். அப்படிப் பொருள் இல்லை; ஆனால் இரண்டுக்கும் தொடர்பே இல்லை என்றும் தள்ளிவிட முடியாது. அக்காவின் சிகிச்சைக் காலத்தில் சென்னை வண்ணாரப்பேட்டை வீட்டில் நாங்கள் இரண்டையும் கவனித்து வந்த முறையைக் காரணங்களோடு எழுதுகிறேன்.

இதயம் கடிகார முள்போல ஒரே சீராகத் துடிப்பதில்லை. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட நேரம் மில்லி நொடிக் கணக்கில் கூடிக் குறைந்து வருவதே எச்.ஆர்.வி.; மூளையிலிருந்து இதயத்துக்கும் வயிற்றுக்கும் இறங்கும் வேகஸ் நரம்புக்கு அதில் பெரும்பங்கு உண்டு. உடலின் அழற்சியை, அதாவது காயத்துக்கும் நோய்க்கும் உடல் காட்டும் எதிர்வினையை, அடக்கி வைப்பதிலும் இதே நரம்பு உதவுகிறது. அழற்சி மிகுந்தால் இரத்தம் உறையும் தன்மையும் மிகும் என்பதால், குறைந்த எச்.ஆர்.வி.யும் உறைவும் சேர்ந்து வரக்கூடும் என்பது ஆய்வாளர்களின் கருத்து. ஆனால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று நிறுவப்படவில்லை. தூக்கமின்மை, வலி, இரத்தசோகை, அச்சம், கீமோ மருந்துகள் ஆகியவையும் அந்த எண்ணைக் குறைத்துவிடும்.

உறைவுக்கு நேரான காரணங்கள் வேறு. புற்றுநோய்ச் செல்களே உறைதலைத் தூண்டும் பொருள்களை வெளிவிடுகின்றன. அறுவைச் சிகிச்சை, கீமோ, மருந்தேற்றப் பொருத்திய குழாய், நாள்கணக்கில் படுத்திருத்தல் ஆகியவை அதனோடு சேர்கின்றன. தமாக்சிஃபென் மாத்திரை உறைவின் வாய்ப்பை ஏறக்குறைய 2 முதல் 3 மடங்கு உயர்த்துகிறது. அதற்காக அதைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. நோய் திரும்பாமல் காப்பதும் அந்த மாத்திரைதான்.

எச்.ஆர்.வி.யைக் காலையில் எழுந்தவுடன், தேநீருக்கு முன், அசையாமல் 5 நிமிடம் படுத்திருந்து பார்க்க வேண்டும். நாள்தோறும் அதே நேரம், அதே நிலை. அடுத்தவர் எண்ணோடு ஒப்பிடாமல், தம்முடைய முந்தைய 7 நாள் சராசரியோடு மட்டும் ஒப்பிட வேண்டும். தொடர்ந்து இறங்கிவந்தால் தூக்கம், வலி, உணவு ஆகியவற்றோடு சேர்த்து மருத்துவரிடம் சொல்லலாம்.

கெண்டைக்காலின் சுற்றளவை அளப்பதைத்தான் நான் இதைவிட முக்கியமாகக் கருதுகிறேன். தையல் இஞ்ச் டேப் போதும். முழங்காலுக்குக் கீழே முன்புறம் துருத்தும் எலும்பு மேட்டிலிருந்து 10 செ.மீ. கீழே இரு கால்களிலும் பேனாவால் குறியிட்டு, இறுக்காமல் சுற்றளவை எடுத்து, நாட்காட்டியில் எழுதிவைக்க வேண்டும். குறி குளித்தால் அழிந்துவிடும். எலும்பிலிருந்து மறுபடி அளந்து போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

மூன்றாம் கீமோவுக்குப் பின் ஒரு மாலை, அக்காவின் இடக்கால் மற்றதைவிட 3 செ.மீ.க்கு மேல் பருத்து, தொட்டால் சுட்டது. அன்று காலை கடிகார எண் வழக்கம்போலவே இருந்தது. பக்கத்து வீட்டுப் பாட்டி பரிவோடு தைலம் தேய்க்க வந்தார். தடுத்துவிட்டோம், ஏனெனில் உறைவு இருக்கும் காலை அழுத்தித் தேய்த்தால் உறைந்த இரத்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போகக்கூடும். இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் உறைவு தெரிந்தது. அன்றிரவே உறைவைத் தடுக்கும் ஊசி தொடங்கினார்கள்.

இரு கால்களின் சுற்றளவு வித்தியாசம் 3 செ.மீ.க்குக் குறைவாக இருந்தாலும் ஒரு காலில் மட்டும் வலியோ வீக்கமோ இருந்தால் அன்றே காட்ட வேண்டும். அறுவை நடந்த பக்கத்துக் கை வீங்கினால் அது நிணநீர் வடியாமல் தங்கும் நிணநீர்த் தேக்கமாகவும் இருக்கலாம், உறைவாகவும் இருக்கலாம். வீட்டில் முடிவுசெய்ய வேண்டாம். திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுக்கும்போது நெஞ்சுவலி, இருமலில் இரத்தம் ஆகியவற்றில் எது வந்தாலும் 108ஐ அழைக்க வேண்டும். ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கத்தவர்களுக்குப் பழைய சிறைச்சாலை சாலையிலுள்ள ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவு அருகில் இருக்கிறது.

மருத்துவர் தடை சொல்லாதவரை நடப்பது நல்லது. வெயில் காலத்தில் தண்ணீர் குறையக் கூடாது. நிமிடத்துக்கு 6 மூச்சு என்று மெல்ல விடும் பயிற்சி எச்.ஆர்.வி.யை உயர்த்தும், மனத்தையும் ஆற்றும். அது உறைவுக்கு மருந்தன்று. ஆஸ்பிரினைத் தாமாகத் தொடங்க வேண்டாம். மருத்துவமனைக்குப் போகும்போது கடைசிக் கீமோ நாள், சாப்பிடும் மாத்திரைகளின் பெயர்கள், கால் அளவுகள் ஆகிய மூன்றையும் ஒரே தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.