மோரிஸ் மைனர் காரின் சம்ப் (எஞ்சினுக்கு அடியில் இருக்கும் ஆயில் தொட்டி) அடிபட்டால் வீட்டிலேயே பார்த்துச் சரிசெய்வது எப்படி?

டர்பனில் எங்கள் சாட்ஸ்வொர்த் மேட்டுத் தெருவில் வேகத்தடையைத் தாண்டும்போது அடியில் ‘டங்’கென்று கேட்டதா? உடனே ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். தரையில் ஆயில் சொட்டினாலோ, ஆயில் விளக்கு அணையாமல் எரிந்தாலோ, கட்டி இழுத்துத்தான் வீடு சேர வேண்டும்.

இங்கே சொல்வதெல்லாம் தாத்தா எங்களுக்கு விட்டுப்போன 1966 மோரிஸ் மைனரை வைத்து. 1098 சிசி எஞ்சின், இரும்புத் தகட்டு சம்ப்.

ஒழுகல் இல்லையென்றாலும் நசுங்கலை அலட்சியம் செய்யாதீர்கள். ஆயிலை உறிஞ்சும் வலை சம்பின் தரைக்கு மிக அருகில் இருக்கிறது. தகடு உள்ளே குழிந்து அதன் வாயை அடைத்தால் பேரிங்குகளுக்கு ஆயில் போகாது. எஞ்சினே போய்விடும்.

சமதளத்தில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தைத் தூக்கி ஆக்சில் ஸ்டாண்டில் (வண்டியைத் தாங்கும் இரும்புக் கால்களில்) உட்கார வையுங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் நுழையவே கூடாது. எஞ்சினுக்குப் பின்னால் கிளட்சை மூடியிருக்கும் கூடான கிளட்ச் ஹவுசிங்கின் அடியில் ஒரு துளையும், அதில் ஆடும் ஒரு ஸ்பிளிட் பின்னும் (இரட்டைக் கால் கம்பி ஊசி) தெரியும். ஆயில் அங்கிருந்து சொட்டினால் குறை பெரும்பாலும் சம்பில் இல்லை, எஞ்சினின் பின்பக்கத்தில். புதிதாக வேலை பழகுபவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள்.

சம்ப்தான் என்று உறுதியானால், ஆயில் இளஞ்சூடாக இருக்கும்போதே வடித்துவிடுங்கள். பில்டரோடு சேர்த்து சுமார் 3.7 லிட்டர். அதைச் சாக்கடையில் ஊற்றாமல் கேனில் அடைத்து, பழைய ஆயில் சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். பிறகு 7/16 அங்குல ஸ்பானரால் போல்ட்டுகளைக் கழற்றி சம்பை இறக்குங்கள். அடியில் உலோகத் துகள் மினுங்கினால் அத்தோடு நிறுத்தி, மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

விரிசலைக் கண்டுபிடிக்க எனக்குப் பிடித்த வழி இது. சம்பை நன்றாகக் கழுவிக் காயவைத்து, வெளிப்புறம் சாக்பீஸை அழுத்தித் தேய்த்து, உள்ளே பாரஃபின் (மண்ணெண்ணெய்) ஊற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசலும் வெள்ளைப் பூச்சில் கருங்கோடாக ஊறி வரும்.

நசுங்கலை மணல் மூட்டைமேல் வைத்து உள்ளிருந்து மெதுவாகத் தட்டி எடுக்கலாம். விரிசலுக்கு வெல்டிங்தான். பாரஃபின், ஆயில் எதுவும் மிச்சமில்லாமல் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்த பிறகே வெல்டரிடம் கொடுங்கள், இல்லாவிட்டால் தீப்பிடிக்கும். எபாக்சி பசைப் பூச்சை நிரந்தரத் தீர்வாக நம்பாதீர்கள்.

மாட்டுவதற்கு முன் சம்பின் விளிம்பைப் பாருங்கள். அதிகமாக முறுக்கியதால் போல்ட் துளைகள் மேடு தட்டியிருக்கும். அவற்றைத் தட்டிச் சமப்படுத்தாவிட்டால் புது காஸ்கெட்டும் (இடைவெளியை அடைக்கும் பட்டை) ஒழுகும். முன்னும் பின்னும் வரும் அரைவட்ட கார்க்குகளின் முனை கொஞ்சம் துருத்தி நிற்கும். அதை வெட்டிவிடாதீர்கள், இறுகும்போது அதுதான் அடைத்துக்கொள்ளும். போல்ட்டுக்கு 8 நியூட்டன் மீட்டர் போதும், அதையும் சுற்றிச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக.

புது ஆயில் ஊற்றி ஸ்டார்ட் செய்யுங்கள். விளக்கு சில நொடிகளில் அணைய வேண்டும். அப்புறம் அடியில் ஓர் அட்டையை விரித்துவிட்டுப் போய்த் தூங்குங்கள். காலையில் அட்டை காய்ந்திருந்தால் வண்டியை எடுக்கலாம்.