பையனுக்கு 18 ஆகவில்லை என்றால் எந்தத் தாளை முதலில் எடுப்பது

தங்கச்சிமடம் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊரில் தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். என்னிடம் ஒன்றாம் வகுப்பு படித்த ஒரு பையன், 2024 செப்டம்பரில் பிடிக்கத் தடை உள்ள கடல் அட்டை மூட்டை ஏற்றிய வள்ளத்தில் பிடிபட்டான். வயது கேட்டதும் 19 என்று சொல்லியிருக்கிறான். யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று வள்ளக்காரர் பழக்கி வைத்திருந்தார். பிடித்தவர்களும் 19 என்றே எழுதிக்கொண்டார்கள். அவன் பெயரையும் ஊரையும் சொல்ல மாட்டேன். சட்டமும் அதை அனுமதிப்பதில்லை.

அந்த வழக்கில் ஓடி அலைந்து தெரிந்துகொண்டதை, நம் கடற்கரைப் பெற்றோருக்காக எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. கோர்ட் பார்ப்பது சம்பவம் நடந்த அன்று என்ன வயது என்பதை. பிடிபட்ட நாளோ விசாரணை நாளோ கணக்கில்லை. 2005-இல் உச்ச நீதிமன்றமே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அன்று 18 முடியவில்லை என்றால் வழக்கு, சிறுவர் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போக வேண்டும். லாக்கப்பிலோ ஜெயிலிலோ வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும்.

பெரியவன் என்று எழுதி மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்திவிட்டார்களா? அங்கேயே, அன்றே, "ஐயா, இவனுக்கு 18 ஆகவில்லை" என்று வாய் திறந்து சொல்லுங்கள். அப்படிச் சொன்னால் நீதிபதி வயதை விசாரித்தே ஆக வேண்டும். முதல் நாள் விட்டுப்போனாலும் எந்தக் கட்டத்திலும் கேட்கலாம், தீர்ப்பு வந்த பிறகும்கூட. ஆனால் அதுவரை பையன் எங்கே இருப்பான் என்று யோசித்துப் பாருங்கள். வக்கீலுக்குக் காசில்லை என்று தயங்காதீர்கள். சிறுவர்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், அல்லது 15100-க்குப் போன் போடுங்கள்.

இனி தாள்கள். 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 94-ஆவது பிரிவு ஒரு வரிசை வைத்திருக்கிறது. பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ் முதலில். அது இல்லையென்றால் ஊராட்சி, நகராட்சி, மாநகராட்சி தந்த பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாதபோதுதான், எலும்பு வளர்ச்சியைப் பார்த்து வயதைக் கணிக்கும் எலும்பு டெஸ்ட்.

அந்தத் தாய் என்னிடம் கொண்டுவந்தது ஆதார் அட்டையும் ரேஷன் கார்டும். இந்த வரிசையில் இரண்டுக்கும் இடமில்லை. ஆதார் பிறந்த தேதிக்குச் சான்று ஆகாது என்று 2024-இல் உச்ச நீதிமன்றமும் ஒரு விபத்து வழக்கில் சொன்னது. டி.சி.யை மட்டும் நம்பியும் போகாதீர்கள். தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில், 2023-இல், அது இந்தப் பிரிவு கேட்கும் சான்று அல்ல என்று தீர்ப்பு வந்திருக்கிறது. பள்ளிக்குப் போய்ப் பிறந்த தேதிச் சான்று என்றே எழுதிக் கேட்டு வாங்குங்கள். நோட்டரியிடம் போய் உறுதிமொழிப் பத்திரம் எழுதிப் பணத்தைக் கரைக்க வேண்டாம். வயது விசாரணையில் சாட்சியம்தான் எடுப்பார்கள், பத்திரம் செல்லாது.

எங்கள் பையன் ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டான். அதனால் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் கிடையாது. பள்ளிப் பதிவேட்டில் 2006 ஜூன் 1 என்று இருந்தது. எழுதியது நான்தான். 2011 ஜூனில் அவன் அம்மா இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். ஐந்து முடியவில்லை என்றால் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும், ஒரு வருசம் கரையிலேயே சுற்றுவான் என்று ஐந்து நிறையும்படி ஒரு தேதியைப் போட்டேன். என்னைப் போல எத்தனையோ ஆசிரியர்கள் நல்ல எண்ணத்தில் இப்படிச் செய்திருக்கிறோம். அந்தத் தேதிப்படி அவனுக்கு 18 முடிந்து மூன்று மாதம்.

பிறப்புப் பதிவில் இருந்ததோ 2006 டிசம்பர் 9. பிறந்த 21 நாளுக்குள் பதிந்தது. அதன்படி 17 வயது 9 மாதம். சர்ச் ஞானஸ்நானப் பதிவேட்டிலும் அதே தேதி. அது வரிசையில் இல்லைதான், ஆனாலும் துணைக்கு நின்றது.

இந்த இடத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். வரிசையில் முதலில் நிற்பது பள்ளித் தேதி ஆயிற்றே! ஆனால் தாள் இருந்தால் மட்டும் போதாது, அது நம்பும்படி இருக்கிறதா என்றும் கோர்ட் பார்க்கும். இப்போதைய தலைமையாசிரியர் பதிவேட்டைக் கொண்டுவந்தார். கையெழுத்து என்னுடையது என்பதால் எனக்கும் சம்மன் வந்தது. "எந்த ஆவணத்தைப் பார்த்து இந்தத் தேதியை எழுதினீர்கள்?" என்று கேட்டார்கள். எதையும் பார்க்கவில்லை, சேர்ப்பதற்காக நானே போட்டது என்று உள்ளதைச் சொன்னேன். பிறப்புச் சான்றை ஏற்று, வழக்கைக் குழுமத்துக்கு அனுப்பினார்கள். உங்கள் பையன் தேதியிலும் இப்படி முரண் இருந்தால் ஒன்றை மறைக்காதீர்கள். இரண்டையும் வக்கீலிடம் கொடுத்து, பள்ளித் தேதி எப்படி வந்தது என்பதையும் சொல்லுங்கள். வழக்கு வந்த பிறகு புதிதாக ஒரு சான்று தயார் செய்வது மட்டும் கூடவே கூடாது. வழக்குக்கு முன்பே எழுதப்பட்ட தாளுக்குத்தான் மதிப்பு.

எலும்பு டெஸ்டைப் பற்றிச் சுருக்கமாக. மணிக்கட்டு, முழங்கை, தோள், இடுப்பு இவற்றை எக்ஸ்ரே எடுப்பார்கள், பல்லையும் பார்ப்பார்கள். உத்தரவு வந்து 15 நாளுக்குள் முடிக்க வேண்டும். அதில் இரண்டு வருசம் கூடவும் குறையவும் வரலாம் என்பதை 1982-லேயே உச்ச நீதிமன்றம் ஏற்றிருக்கிறது. எல்லைக்கோட்டு வயதில் பையனுக்குச் சாதகமாகச் சாய வேண்டும் என்ற தீர்ப்புகளும் உண்டு. கையில் பிறப்புச் சான்று இருக்கும்போது டெஸ்டுக்கு நீங்களாக ஒத்துக்கொள்ள வேண்டாம்.

16 தாண்டியவன் மீது கொடுங்குற்றம் சாட்டப்பட்டால் குழுமம் தனியாக மதிப்பீடு செய்யும், பெரியவனைப் போல விசாரிக்கச் சொல்லிச் சிறுவர் நீதிமன்றத்துக்கும் அனுப்பலாம். அதற்கு உடனே வக்கீல் வேண்டும்.

வழக்கு எதுவும் இல்லாதவர்களும் இந்த வாரமே பெட்டியைத் திறந்து பிறப்புச் சான்றையும் பள்ளித் தேதியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சான்றில் பெயர் இல்லாமல் வெறுமனே "ஆண்" என்று இருந்தால் பெயரைச் சேர்த்துவிடுங்கள். தேதி மாறியிருந்தால் பையன் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதும் முன்பே தலைமையாசிரியரிடம் போங்கள். சான்றிதழ் அச்சாகிவிட்டால் திருத்துவது பெரும்பாடு.