பிளாக் ஐட் சூசன்: விதைய புதைக்காதீங்க, தூவுங்க

அமெரிக்காவுல மேரிலாண்டு ஸ்டேட்டுக்கு வந்த புதுசுல ஜூலை மாசம் ரோட்டோரம் பூரா மஞ்சளா பூத்துக் கிடக்கும், நடுவுல கருப்பா ஒரு குமிழ், நான் அத சூரியகாந்தியோட குட்டின்னுதான் நெனச்சிட்டு இருந்தேன் (குடும்பம் ஒண்ணுதான், அதனால பெரிய தப்பு இல்ல). பிளாக் ஐட் சூசன், தாவரப் பேரு ருட்பெக்கியா ஹிர்ட்டா, 1918லேர்ந்து இந்த ஸ்டேட்டோட பூ. ரோட்டோரத்துல யாரும் தண்ணி ஊத்தாமயே வர்ற செடி நம்ம வீட்ல வராமலா போயிடும்னு ஒரு பாக்கெட் விதை வாங்கிப் போட்டேன். ஒண்ணு கூட முளைக்கல. அடுத்த வருஷமும் அதே கதைதான்.

தப்பு என்னோடதுதான். வெண்டையும் அவரையும் போட்டுப் பழகுன கை, விரலால ஒரு அங்குலம் குழி போட்டு உள்ள தள்ளி மண்ண மூடிட்டேன். இந்த விதை கருஞ்சீரகத்த விட மெல்லிசு, முளைக்கறதுக்கு வெளிச்சமும் வேணும், புதைச்சா அவ்ளோதான். ஊர்ல கீரை விதைய மணலோட கலந்து தூவுவாங்கல்ல, அப்படியே தூவுங்க, தூவிட்டு உள்ளங்கையால லேசா அழுத்தி விடுங்க. மேல மண்ணு போடவே போடாதீங்க, மூடணும்னு கை அரிக்கும், இருந்தாலும் போடாதீங்க.

இன்னொரு விஷயம், ஒரு மாசம் ஈரக்குளிர்ல கிடந்துட்டு வந்தா இன்னும் நல்லா முளைக்கும். ஈர டிஷ்யூல சுத்தி ஃப்ரிட்ஜ்ல வைக்கலாம்னு சொல்வாங்க, நானும் வச்சேன், தோசை மாவு டப்பா பக்கத்துல இது என்ன அழுக்குப் பேப்பர்னு வீட்ல தூக்கிக் குப்பையில போட்டுட்டாங்க. அதனால என் ஓட்டு காலி பால் கேனுக்குத்தான். ஒரு கேலன் கேன், அடியில நாலஞ்சு ஓட்டை, கைப்பிடிக்குக் கீழ வரைக்கும் சுத்தி வெட்டி மூடி மாதிரி திறக்கற அளவுக்கு விட்டுட்டு, மூணு அங்குலத்துக்கு பாட்டிங் மிக்ஸ் (தொட்டிக்குப் போடற மண் கலவை), நல்லா நனைச்சு, விதைய தூவி, டேப் போட்டு ஒட்டி, மேல இருக்கற சின்ன மூடிய மட்டும் கழட்டிட்டு ஜனவரியில வெளிய வச்சிடுங்க. பனியும் மழையும் அது பாட்டுக்கு உள்ள போகும். ஏப்ரல் வாக்குல பச்சை தெரியும். குரோ லைட் (செடி வளர்க்கற விளக்கு), ஹீட் மேட் (அடியில சூடு குடுக்கற விரிப்பு) எல்லாம் இதுக்கு தண்டச் செலவு, தக்காளிக்கு வாங்குங்க.

கடைசி உறைபனி போனப்புறம், நான் மே முதல் வாரத்துக்கு மேலதான் நடுறேன். ஆறு மணி நேரம் வெயில், செடிக்குச் செடி ஒன்னேகால் அடி, எங்க களிமண்ணுலயே வருது, தண்ணி மட்டும் தேங்கக் கூடாது. வேர் பிடிக்கற வரைக்கும் தண்ணி ஊத்துங்க. உரம் வேணாம், பாவம்னு மாட்டு எரு போட்டேன், ஆள் உயரம் போகப் பாத்து ஒரு மழையில அத்தனையும் சாஞ்சிடுச்சு.

முத வருஷம் சில செடி தரையோட தரையா வெறும் இலைய விரிச்சிட்டு உக்காந்திருக்கும், பூவே வராது. இலை பூரா முடி, ஹிர்ட்டான்னாலே லத்தீன்ல முடி இருக்கறதுன்னுதான் அர்த்தம். பாக்க களை மாதிரியே இருக்கும், நானே பாதிய புடுங்கிப் போட்டிருக்கேன், பக்கத்துல ஒரு குச்சி நட்டு வைங்க. ரெண்டாவது வருஷம் ஜூன்லேர்ந்து பூக்கும். ஜூனுக்கு முன்னாடி எதிர்பாக்காதீங்க, மே மாசம் இங்க நடக்கற பிரீக்னஸ் குதிரைப் பந்தயத்துல ஜெயிச்ச குதிரைக்கு இந்தப் பூ போர்வைதான் போடுவாங்கன்னு பேரு, ஆனா அப்போ பூத்திருக்காதே, அதே ஜாடையில இருக்கற சாமந்தி வகையத்தான் வச்சு கட்டுறாங்க.

செடிக்கு ஆயுசு ரெண்டு மூணு வருஷம்தான். வாடுன பூவ வெட்டுனா இன்னும் பூக்கும், ஆனா செப்டம்பருக்கு மேல வெட்டாம விடுங்க, விதை தானா விழுந்து அடுத்த செட் வந்துடும், குளிர்காலத்துல கோல்ட்ஃபின்ச் குருவி வந்து கொத்தித் தின்னும்.

அப்டேட்: அடியிலை எல்லாம் கருப்பு புள்ளியா வருதுன்னு கமெண்ட்ல நிறைய பேர் கேட்டிருக்கீங்க. அது செப்டோரியாங்கற பூஞ்சை. இலை மேல ஸ்பிரிங்க்ளர் அடிக்காதீங்க, காலையில வேர்ல ஊத்துங்க, புள்ளி விழுந்த இலைய கிள்ளி குப்பையில போடுங்க, கம்போஸ்ட்ல போடாதீங்க. செடி சாகாது, பாக்கத்தான் அசிங்கமா இருக்கும்.

இன்னொரு அப்டேட்: கோயம்புத்தூர்லேர்ந்து ஒருத்தங்க, ஆன்லைன்ல இதே பேர்ல விதை வாங்கிப் போட்டா கொடி வருதேன்னு கேட்டாங்க. அது துன்பெர்ஜியா அலாட்டா, கிழக்கு ஆப்பிரிக்காக் கொடி, ஊட்டிப் பக்கம் வேலியில ஆரஞ்சு கலர்ல ஏறிக் கிடக்குமே அதேதான், பேருதான் ஒண்ணு, குடும்பமே வேற. அந்த விதை மிளகு சைஸ்ல உருண்டையா இருக்கும். அத மட்டும் கால் அங்குலம் புதைக்கணும்.